‘அவள் அப்படித்தான்’ காலத்தை முந்திய படமா?

1978 அக்டோபர் 30, தீபாவளி நாள். சிவாஜி கணேசனின் ‘பைலட் பிரேம்நாத்’ அன்று வண்ணத்தில் வெளியானது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ இரண்டு நாள் முன்னதாகவே வந்து அரங்குகளைப் பிடித்திருந்தது. கே. பாலசந்தரின் ‘தப்புத் தாளங்கள்’ அதே நாளில் வந்தது. இவற்றுக்கு நடுவே, திரைப்படக் கல்லூரியில் படித்து வெளியே வந்த சி. ருத்ரய்யா என்ற புதியவர் இயக்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் திரைக்கு வந்தது. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா நடிப்பு, இளையராஜா இசை. இத்தனை பெயர்கள் இருந்தும் ‘அவள் அப்படித்தான்’ தீபாவளிக் கூட்டத்தில் காணாமல் போனது. அதன் பிறகு அந்தப் படத்தைப் பற்றி எழுதிய அனைவரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதினார்கள்: அது காலத்தை முந்திய படம். பாராட்டுப் போலத் தோன்றும் இந்த வாக்கியம் வரலாற்றுப்படி தவறு என்பது என் வாதம். அந்தப் படம் தன் காலத்தின் கேள்விகளிலிருந்து, தன் காலத்து எழுத்திலிருந்து, தன் காலத்துத் தொழில் வசதிகளிலிருந்து பிறந்தது. அதைத் தோற்கடித்தது காலம் என்று சொல்லும்போது, உண்மையில் தோற்கடித்தவை எவை என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அருண் பெண்களின் வாழ்க்கை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னைக்கு வருகிறான். அவனுடைய நண்பன் தியாகு விளம்பர நிறுவனம் நடத்துகிறான். அங்கே வேலை செய்யும் மஞ்சு, அருணின் படத்துக்கு உதவ வருகிறாள். சிறுவயதில் தாயின் வேறொரு உறவைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் அவள். கல்லூரிக் காலத்தில் காதலித்தவன் வேலைக்காக வேறொரு வீட்டு மருமகனாகிப் போனான். அடுத்து ஆறுதல் சொல்ல வந்த மனோவும் அவளைக் கைவிட்டான். இப்போது அருண் அவளைப் புரிந்துகொள்ள முயல்கிறான். அவள் நெருங்குகிறாள், விலகுகிறாள், சீறுகிறாள். அவளுக்குத் தன் மனம் தெளிவாகும் நேரத்தில் அருண் தந்தை சொன்ன பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். படம் முழுவதும் நடப்பது இவ்வளவுதான். தலைப்பில் இருக்கும் சொல் நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். ஓர் ஆணைப் பற்றி ‘அவன் அப்படித்தான்’ என்றால் பெரும்பாலும் அது மன்னிப்பு. அவன் குணம் அது, விட்டுவிடுங்கள் என்று பொருள். ஒரு பெண்ணைப் பற்றி ‘அவள் அப்படித்தான்’ என்றால் அது தீர்ப்பு. இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று பொருள். ஒரே இலக்கணம் பாலுக்கு ஏற்ப இரண்டு நீதியாகிறது. அந்த ஒற்றைத் தீர்ப்பை எடுத்து, அதன் பின்னால் விசாரிக்க என்னவெல்லாம் இருந்தது என்று காட்டுவதுதான் படத்தின் வேலை.

இது காலத்தை முந்திய வேலையா? முதலில் எழுத்தைப் பார்ப்போம். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது 1966இல். மழைநாளில் ஓர் அந்நியனால் கெடுக்கப்பட்டு வந்த மகளை, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்துக்கொண்ட கதை அது. அந்த விவாதமே பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக வளர்ந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே 1966இல்தான் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ வெளிவந்தது. கணவனும் பிள்ளைகளும் இருக்க, வேறொருவரோடு உறவு கொண்ட அலங்காரத்தம்மாளை வசைபாடாமல் பார்த்த நாவல் அது. 1976இல் அம்பையின் ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பு வந்தது. மணவாழ்க்கைக்குள் பெண்ணின் மனம் எப்படி நசுங்குகிறது என்று ஒரு பெண்ணே எழுதிய கதைகள் அதில் இருந்தன. ஆக, படம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, வாரப் பத்திரிகை வாசகர் உட்படத் தமிழ் வாசகர் உலகம் இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டது. ருத்ரய்யா தம் முதல் படமாக எடுக்க நினைத்ததே ‘அம்மா வந்தாள்’ நாவலைத்தான், அது கைகூடவில்லை. மஞ்சுவின் தாயை நினைத்துப் பார்த்தால் அந்த நாவலின் நிழல் இந்தப் படத்தில் விழுந்திருப்பது தெரியும். ஜானகிராமன் தாயின் மீறலை மகனின் கண் வழியாகக் காட்டினார். இந்தப் படம் மகளின் கண் வழியாகக் காட்டியது. எழுத்தில் பங்குகொண்ட வண்ணநிலவன், ‘கடல்புரத்தில்’ நாவலால் அப்போதுதான் கவனம் பெற்றிருந்தார். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களின் நிறைவேறாத காதலையும், பெயர் சூட்ட முடியாத நட்புகளையும் எழுதிய கை அது. அவரோடு ருத்ரய்யாவும் சோமசுந்தரேஸ்வரரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை, தமிழ் நவீன இலக்கியத்தின் நேர் வாரிசு.

எழுத்து ஒரு சிறு கூட்டத்தின் விஷயம் என்று சொல்லக்கூடும். சட்டம் அப்படி அல்ல. சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழிசெய்யும் சட்டத்தை 1949இலேயே இயற்றியது. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அண்ணா ஆட்சியில் நிறைவேறிய 1967ஆம் ஆண்டுத் திருத்தம், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. 1976இல் திருமணச் சட்டங்கள் திருத்தப்பட்டன. கொடுமையும் கைவிடலும் விவாகரத்துக்குக் காரணங்களாயின. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்ற பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் முதன்முறையாக வந்தது. மணம் என்பது இரண்டு பேரின் சம்மதத்தில் நிற்பது, சம்மதம் போனால் அதை முடித்துக்கொள்ளலாம் என்று நாட்டின் சட்டமே சொல்லிவிட்ட இரண்டாம் ஆண்டில் இந்தப் படம் வந்தது. பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்திய திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1978 அக்டோபர் 1. படம் வருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. அதற்கும் முன்னால், செப்டம்பர் 15 அன்று, மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளான பழங்குடிப் பெண்ணின் முந்தைய உறவைச் சுட்டி விசாரணை நீதிமன்றம் அவள் சொல்லை ஏற்க மறுத்திருந்தது. உயர் நீதிமன்றம் தண்டித்த இரு காவலர்களையும், உடலில் காயமில்லை, எதிர்த்த அடையாளமில்லை என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அடுத்த ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த கடிதம் பெண்கள் இயக்கத்துக்குப் பொறியானது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பெண்ணின் கடந்த காலம் அவளுடைய இன்றைய சொல்லைப் பொய்யாக்குமா என்பதே அந்த வழக்கின் மையக் கேள்வி. மஞ்சுவைச் சுற்றியிருப்பவர்கள் அவளை அளக்கப் பயன்படுத்திய அளவுகோலும் அதுவே. நீதிமன்றமும் திரையரங்கும் ஆறு வார இடைவெளியில் ஒரே கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. இதைக் காலத்தை முந்தியது என்று எப்படிச் சொல்வது?

சினிமாவிலும் இந்தப் படம் தனியாக வானத்திலிருந்து விழவில்லை. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ 1973இல் வந்தது, ‘அவள் ஒரு தொடர்கதை’ 1974இல், ‘அபூர்வ ராகங்கள்’ 1975இல், ‘மூன்று முடிச்சு’ 1976இல், ‘அவர்கள்’ 1977இல். அதே 1977இல் ஏ. பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ திரைக்கு வந்தது. அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. வயதுக்கு மீறிய காதல், விவாகரத்தான பெண்ணின் இரண்டாம் யோசனை, குடும்பத்துக்காக உடலை விற்றவள், தன்னைக் கெடுத்தவனையே தேடிப்போய் நட்புக்கொண்டவள் என்று வழக்கத்துக்கு மாறான உறவுகளைத் தமிழ்த் திரை ஐந்தாறு ஆண்டுகளாகத் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. இவற்றில் சில வசூலிலும் வென்றன. ஆனால் இந்தப் படங்களின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ‘அரங்கேற்ற’த்தின் லலிதா கடைசியில் சித்தம் கலங்கிப் போகிறாள். ‘அவள் ஒரு தொடர்கதை’யின் கவிதா மீண்டும் குடும்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள். ‘அபூர்வ ராகங்கள்’ போட்ட புதிரை, தாயை மகளிடமும் மகனைத் தந்தையிடமும் திருப்பிச் சேர்த்து முடித்தது. மிக அருகில் வந்தது ‘அவர்கள்’. அதன் அனு எவரையும் மணக்காமல் ரயிலேறிப் போகிறாள். ஆனால் அனு யாராலும் குறைசொல்ல முடியாத நல்லவள், அநீதி இழைக்கப்பட்டவள். மீறலை மன்னிக்க அந்தப் படங்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தன: பெண் தியாகியாக இருக்க வேண்டும், அல்லது தண்டனை பெற வேண்டும். ருத்ரய்யா அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார். மஞ்சு தியாகம் செய்யவில்லை, சாகவில்லை, பைத்தியமாகவில்லை, திருந்தவும் இல்லை. எரிச்சலும் சந்தேகமும் கூர்மையான நாக்குமாக அப்படியே இருக்கிறாள். அந்தக் காலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவர் கடைசிவரை கொண்டுபோனார். புதிய கேள்வி எதையும் கொண்டுவரவில்லை.

உறவுகளைப் பேசியவை என்று நான் மேலே சொன்ன படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. இது தற்செயல் அல்ல, தொழிலின் கணக்கு. வண்ணத்தில் படம் எடுத்தால் கச்சா ஃபிலிமுக்கும் லேபுக்கும் ஆகும் செலவு பல மடங்கு ஏறும்; செலவு ஏறினால் விநியோகஸ்தர் கேட்கும் உத்தரவாதமும் ஏறும்; பாட்டு, சண்டை, நகைச்சுவை என்று எல்லாவற்றையும் கதைக்குள் திணித்தாக வேண்டும். எழுபதுகளில் பெரிய படங்கள் வண்ணத்துக்குப் போய்விட்ட பிறகு, கறுப்பு வெள்ளை சிறு முதலாளிகளின் இடமாக எஞ்சியது. அந்த மலிவுதான் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது. பாரதிராஜா ‘பதினாறு வயதினிலே’ கதையை ‘மயில்’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளையில் எடுக்கத்தான் முதலில் திட்டமிட்டார் என்பதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கது. இன்னொரு வசதி, அடையாறு திரைப்படக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் உலகப் படங்களைப் பார்த்திருந்தார்கள், ஒளிப்பதிவின் நுட்பம் அறிந்திருந்தார்கள், ஸ்டுடியோ வழக்கங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. நல்லுசாமியும் ஞானசேகரனும் செய்த ஒளிப்பதிவைப் பாருங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு, பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவரின் முகத்திலேயே நிற்கும் கேமரா, அலங்காரமில்லாத அறைகள். வண்ணத்தில் இதே காட்சிகள் வெறும் வறுமையாகத் தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளையில் அவை மனநிலையாகத் தெரிகின்றன. மூன்றாவது வசதி, நட்சத்திரங்கள் இன்னும் இறுகியிருக்கவில்லை. 1978இல் ரஜினிகாந்த் பல மொழிகளிலுமாக இருபது படங்களுக்கு நெருக்கமாக நடித்தார். ‘பைரவி’யின் சுவரொட்டிகளில் ‘சூப்பர் ஸ்டார்’ பட்டம் முதன்முதலாக ஒட்டப்பட்டதும் அதே ஆண்டுதான். பட்டம் ஒட்டப்பட்ட சில மாதங்களில் அவர் தியாகுவாகவும் நடிக்க முடிந்தது. இந்த மூன்று வசதிகளும் ஒன்றாக இருந்த காலம் மிகக் குறுகியது. அந்தக் குறுகிய சன்னலில் நுழைந்த படம் இது.

படத்துக்குள் ஓர் இடத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். முதல் காதல் முறிந்து நொறுங்கிக் கிடக்கும் மஞ்சுவுக்கு மனோ ஆறுதலாக வருகிறான். சிவச்சந்திரன் நடித்த பாத்திரம். ஆறுதல் நெருக்கமாகி, நெருக்கம் உடலுறவாகிறது. வீட்டார் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது அவன் அவர்கள் முன்னிலையிலேயே மஞ்சுவைச் சகோதரி என்கிறான். ஒரே சொல்லில் நடந்தவை அனைத்தும் அழிகின்றன. தமிழ்ச் சமூகத்தில் உறவுப்பெயர் வெறும் அழைப்பு அல்ல, அது வேலி. அக்கா, தங்கை என்று அழைத்துவிட்டால் அந்தப் பெண் பாதுகாக்கப்பட்டவள் என்று பொருள். தமிழ் சினிமா அந்த வேலியைப் புனிதமாகக் கொண்டாடிய கலை. ‘பாசமலர்’ வந்த 1961 முதல் தங்கை என்ற சொல்லுக்குக் கண்ணீர் விடாத அரங்கு கிடையாது. அந்தச் சொல்லைத்தான் மனோ தப்பிக்கும் கதவாகப் பயன்படுத்துகிறான். பெண்ணைக் காக்கவென்று வைத்த சொல் ஆணைக் காக்கிறது. அவள் மறுத்துப் பேசினால் தன்னையே தெருவில் நிறுத்திக்கொள்வாள்; பேசாவிட்டால் பொய்க்கு உடந்தையாவாள். கத்தலும் கன்னத்தில் அறைவதும் இல்லாமல் ஒரு பெண்ணின் வாயை மரியாதையான ஒரு சொல்லால் அடைக்க முடியும் என்று அந்தக் காட்சி காட்டிவிடுகிறது. பின்னால் அருணின் ஒவ்வொரு நல்ல சொல்லையும் அவள் ஏன் சந்தேகிக்கிறாள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவளை ஏமாற்றியவை கெட்ட சொற்கள் அல்ல. எல்லாமே நல்ல சொற்கள்.

அருணும் தியாகுவும் எதிரெதிர் ஆண்களாக நிறுத்தப்பட்டிருப்பதும் கவனிக்க வேண்டியது. தியாகு நெற்றியில் திருநீறும் கையில் மதுக்கோப்பையுமாகத் திரிகிறவன். பெண்ணைப் பற்றிய தன் தாழ்ந்த எண்ணத்தை மறைக்காதவன். மஞ்சுவிடம் அத்துமீறி அறை வாங்கியவன், மறுநாள் எதுவும் நடக்காதது போல் வேலையைத் தொடர்கிறவன். அருண் படித்தவன், பெண் விடுதலை பேசுகிறவன், மஞ்சுவின் கதையைப் பொறுமையாகக் கேட்கிறவன். வழக்கமான படம் என்றால் நல்லவன் கெட்டவனிடமிருந்து பெண்ணை மீட்டிருப்பான். இங்கே நல்லவன் அவளைப் பாதியில் விட்டுப் போகிறான். அவள் சிக்கலானவள் என்பது ஆவணப்படத்துக்குப் பொருளாக இருந்தவரை அவனுக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கைக்கு வந்தபோது அவன் தந்தை காட்டிய எளிய பெண்ணைத் தேர்ந்தான். தியாகுவின் ஆணவத்தை மஞ்சுவால் ஓர் அறையால் எதிர்கொள்ள முடிந்தது. அருணின் முற்போக்கை எதனால் எதிர்கொள்வது? பெண் விடுதலை பேசிய ஆண்கள் பெருகிய பத்தாண்டு அது. மேடையில் பேசியவர்களில் எத்தனை பேர் வீட்டில் அதே பேச்சுக்கு நின்றார்கள் என்ற கேள்வியை அந்தக் காலத்திடமே படம் திருப்பிக் கேட்டது. தன் காலத்தை இவ்வளவு நேராக விமரிசித்த படத்தை அந்தக் காலத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்குவது அநியாயம்.

அப்படியானால் ஏன் ஓடவில்லை? பார்வையாளர் ஏற்கவில்லை, அதுவே அது காலத்தை முந்தியது என்பதற்குச் சான்று என்று வாதிடுவார்கள். இந்த வாதம் ஏற்பதற்கு அவகாசம் கொடுக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. அன்றைய வணிகத்தில் படம் ஏரியா வாரியாக விற்கப்படும். தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களில் அரங்குகளுக்குக் கடும் போட்டி. முதல் வாரம் கூட்டம் சேர்க்காத படத்தின் பெட்டி இரண்டாம் வாரத்தில் திரும்பிவிடும். கமலும் ரஜினியும் சேர்ந்த படம் என்று பண்டிகை நாளில் விசிலடிக்க வந்த ரசிகனுக்கு முன்னால், அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் மூன்று பேரைக் காட்டினால் அவன் ஏமாறத்தான் செய்வான். அது படத்தின் குற்றமும் அல்ல, ரசிகனின் குற்றமும் அல்ல. தவறான நாளில் தவறான கூட்டத்தின் முன் வைக்கப்பட்டதன் விளைவு. இதே ஆண்டில் இதற்கு ஒப்புமை இருக்கிறது. மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் வாரங்களில் அரங்குகள் காலியாகக் கிடந்தன. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்ந்து, பிறகு நூறு நாள் ஓடியது. வாய்ப்பேச்சு பரவ அதற்கு வாரங்கள் கிடைத்தன; ‘அவள் அப்படித்தா’னுக்குக் கிடைக்கவில்லை. மிருணாள் சென் போன்ற வெளியூர் இயக்குநரும் பாரதிராஜாவும் வெளிப்படையாகப் பாராட்டிய பிறகே அதன்மீது கவனம் திரும்பியது. அதற்குள் முக்கியமான நாட்கள் கடந்திருந்தன. ஸ்ரீப்ரியாவின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். ஓராண்டு முன்புதான் ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஊரெல்லாம் கொண்டாடப்பட்டவர். அந்தக் கூட்டத்தை மஞ்சுவிடம் அழைத்துவர விளம்பரம் எதுவும் செய்யவில்லை. ஒரு நடிகையின் வாழ்நாள் நடிப்பு, இரண்டு ஆண் நட்சத்திரங்களின் பெயருக்குப் பின்னால் விற்கப்பட்டது.

வேறொரு மறுப்பு இதைவிட வலுவானது. அதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. இந்தப் படம் பெண்ணுக்கு ஆதரவானதே அல்ல என்பார்கள் சிலர். மஞ்சுவை மனக்கோளாறு உள்ளவள் போலச் சித்திரிக்கிறது. சிறுவயதுக் காயம் என்று ஒரு காரணத்தைக் கற்பித்து அவளுடைய கோபத்தை நோயாக்குகிறது. முடிவில் பெண் விடுதலை பற்றி ஒன்றும் தெரியாத புது மனைவியிடம், அதனால்தான் நீ மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்று மஞ்சுவையே சொல்ல வைக்கிறது என்பது அவர்கள் வாதம். முழுக்கத் தள்ளிவிட முடியாத விமரிசனம் இது. எழுதியவர்களும் இயக்கியவரும் ஆண்கள். அவர்களுடைய தயக்கங்கள் மஞ்சுவின் மேல் படிந்திருக்கின்றன. ஆனால் கடைசிக் காட்சியை யார் சொல்கிறார்கள் என்பதோடு எங்கே வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காரில் நால்வர் இருக்கிறார்கள். சரிதா நடித்த அந்தப் புது மனைவியின் முகத்தில் மகிழ்ச்சியைவிட மருட்சியே அதிகம். பெண் விடுதலை பற்றி மஞ்சு கேட்ட கேள்வி அவளைக் குறைசொல்லும் கேள்வி அல்ல; தன்னைக் கைவிட்ட ஆணுக்குக் கேட்கும்படி கேட்ட கேள்வி. அறியாமையைப் படம் பரிந்துரைத்திருந்தால் கார் சிரிப்போடு போயிருக்கும். மாறாக, மஞ்சு இறங்கித் தெருவில் நிற்க, கார் நகர்ந்து போகிறது. அவள் இன்று இறந்து நாளை மீண்டும் பிறப்பாள் என்ற பொருளில் ஒரு குரல் ஒலிக்கிறது. தனித்து நிற்கும் பெண்ணை விட்டு விலகிப் போகிறவர்கள் யார் என்பது பார்வையாளனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. குறைகள் உள்ள படம்தான். அந்தக் குறைகளும் 1978ஆம் ஆண்டின் குறைகளே என்பது என் வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. காலத்தை முந்திய படம் அந்தக் காலத்து ஆண்களின் குழப்பத்தை இவ்வளவு துல்லியமாகச் சுமந்திருக்காது.

அந்தச் சன்னல் எப்படி மூடியது என்பதும் தொழில் வரலாறுதான். 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’, ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ ஆகியவற்றோடு கமலும் ரஜினியும் தமிழில் இணை நாயகர்களாக நடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தனித்தனி ரசிகர் படைகள், தனித்தனிச் சந்தைகள் உருவாயின. 1980இல் ‘பில்லா’வும் ‘முரட்டுக்காளை’யும், 1982இல் ‘சகலகலா வல்லவ’னும் வந்தபோது நட்சத்திரத்தின் உருவம் கதையைவிடப் பெரிதாகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளையும் வழக்கொழிந்தது. வண்ணத்தின் செலவைத் தாங்கக்கூடிய கதைகள் மட்டுமே எடுக்கப்பட்டன. மன்னிக்கப்பட வேண்டிய அவசியமே இல்லாத மஞ்சுவைப் போன்ற ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடம் இருக்கவில்லை. வழக்கத்துக்கு மாறான உறவுகளைப் பற்றிய தமிழ் நாவல்களும் சிறுகதைகளும் அதன் பின்னும் தொடர்ந்து வந்தன. சட்டங்கள் தொடர்ந்து திருத்தப்பட்டன. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகினார்கள். சமூகம் முன்னே போய்க்கொண்டிருக்க, திரை பின்வாங்கியது என்பதே நடந்தது. காலத்தை முந்திய படம் என்ற வாக்கியம் இந்த உண்மையைத் தலைகீழாக்கிவிடுகிறது. 1978இல் காலத்தோடு நின்ற சினிமா, 1982இல் காலத்துக்குப் பின்னால் போய் நின்றது.

இந்தத் திருத்தம் வெறும் சொற்சண்டை அல்ல. காலத்தை முந்தியது என்று ஒரு படைப்பைச் சொல்லும்போது அன்றைய அனைவரையும் விடுவித்துவிடுகிறோம்: பண்டிகை நாளில் அதை வெளியிட்ட வணிகத்தை, ஆண் பெயரில் மட்டும் படம் விற்கத் தெரிந்த விளம்பரத்தை, வெளியூர்க்காரர் பாராட்டும் வரை காத்திருந்த விமரிசனத்தை. இவற்றையெல்லாம் மாற்றியிருக்க முடியும். காலத்தை மட்டும்தான் மாற்ற முடியாது. இன்று வரும் சிறு படங்களுக்கும் அதே வாக்கியத்தை எழுதி அனுப்பிவைக்க நாம் தயாராக இருக்கிறோம். அதைக் கைவிட வேண்டும். 2013இல் ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி இந்தியாவின் தலைசிறந்த நூறு படங்களைப் பட்டியலிட்டபோது ‘அவள் அப்படித்தான்’ அதில் இடம்பெற்றது. ருத்ரய்யா அதன் பின் எடுத்த படம் ஒன்றே ஒன்று, 1980இல் வந்த ‘கிராமத்து அத்தியாயம்’. 2014 நவம்பரில் அவர் மறைந்தார். இடைப்பட்ட 34 ஆண்டுகளில் அவர் பெயரில் வேறு படம் வரவில்லை.